கடல் மாறிய படகுகள்

மண்டபத்தில் பிறந்தவர்களுக்கு இரண்டு கடல். வீட்டுக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. நடுவில் ஒரு ரயில் தண்டவாளம், ஒரு நெடுஞ்சாலை, கொஞ்சம் கருவேலமரம், அவ்வளவுதான். தீபாவளி கழிந்து வாடைக்காற்று எடுத்துவிட்டால் வடகடல் முரண்டு பிடிக்கும். நாட்டுப்படகுக்காரர்கள் படகைப் பாம்பன் வாய்க்கால் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து தென்கரையில் கட்டிக்கொள்வார்கள். கோடையில் தென்காற்று எடுத்தால் மறுபடி வடக்கே போய்விடுவார்கள். இதற்குக் கடல் மாறுவது என்று பெயர். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. யாரும் யாரிடமும் கேட்பதுமில்லை.

அஃபீஃபா பெரியபட்டினத்துக்காரி. மண்டபத்திலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் ஊர்தான், ஆனால் அந்த ஊருக்கு ஒரே கடல், தென்கடல். ஆடியோ ஐப்பசியோ அங்கே படகு கட்டிய இடத்திலேயே கிடக்கும். கடலைப் பற்றி ஒன்றுமே தெரியாத சென்னைக்காரி ஒருத்தி அவளுடைய வேலைக்கு வந்திருந்தால், ஒவ்வொன்றையும் நச்சரித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பாள். அஃபீஃபா கேட்கவில்லை. மீன்வாடையில் வளர்ந்த பிள்ளைக்குக் கடலைப் பற்றி அடுத்தவரிடம் கேட்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு. தப்பு என்று அதை அப்போது யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவள் வேலை பார்த்தது மண்டபத்தில் ‘கரைக்குரல்’ என்ற ஒரு சின்ன அறக்கட்டளையில். கடலில் காற்று கூடப்போகிறது என்று தெரிந்தால், அந்தக் கடலில் நிற்கும் நாட்டுப்படகுக்காரர்களின் போனுக்கெல்லாம் தானாக அழைப்புப் போகும். எடுத்துக் காதில் வைத்தால் ஒரு பெண்குரல், வலையை ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்துவிடுங்கள் என்று தமிழில் சொல்லும். கரைக்கு எதிரே கிடக்கும் தீவுகளைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வரைக்கும் சிக்னல் கிடைக்கும் என்பதால் அது நிறையப் பேருக்கு உதவியிருக்கிறது. எந்தப் படகுக்கு எந்தக் கடலின் எச்சரிக்கை போகவேண்டும் என்பது சர்வரில், செட்டிங் எல்லாம் எழுதி வைத்திருக்கிற பைல்களில் ஒன்றில் இருந்தது. அது அங்கே இருக்கக்கூடாத சங்கதிதான். ஆரம்பத்தில் செய்துகொடுத்தவர் அவசரத்தில் அங்கே போட்டுவிட்டுப் போய்விட்டார், அப்படியே நிலைத்துவிட்டது.

அறக்கட்டளையை நடத்துகிறவர் சதக். கீழக்கரைக்காரர், துபாயில் கப்பல் கம்பெனியில் காலம் தள்ளிவிட்டு ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று திரும்பி வந்தவர். அஃபீஃபா அவரை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். இன்னொருவர் காளிதாஸ். மண்டபத்துக்காரர், பாலிடெக்னிக் படித்தவர், படகுக்காரர்களோடு பேச்சுவார்த்தை எல்லாம் அவர் பொறுப்பு. நல்ல மனுஷர், ஆனால் மறதிக்காரர். வண்டிச் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு ஆபீஸ் முழுக்கத் தேடுவார். ஊரில் அவரை ‘மறதி’ என்றே கூப்பிடுகிற கூட்டம் ஒன்று உண்டு, அதற்குத் தலைவி அவருடைய தங்கச்சி சண்முகவள்ளிதான்.

போன வைகாசியில் யாரோ சர்வரில் ஒரு செட்டிங்கைத் திறந்து ஒரு காற்புள்ளியை அழித்துவிட்டார்கள். ஒரு பகல் முழுக்க ஒரு போன்கூடப் போகவில்லை. நல்லவேளையாகக் கடல் அன்றைக்குச் சாதுவாக இருந்தது. யார் கை வைத்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை, எல்லாருக்கும் ஒரே லாகின். சதக்குக்கு அன்றைக்கு வந்த கோபத்தை அதற்கு முன்னும் பின்னும் அவள் பார்த்ததில்லை.

“யாரு, எப்ப, எதை மாத்துனாலும் நமக்குத் தெரியணும்மா. மனுசன் உக்காந்து பாத்துக்கிட்டே இருக்க முடியாது. நீதான் அதுக்கு ஒரு வழி பண்ணணும்” என்றார்.

அவள் வழி பண்ணினாள். சர்வர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு நாளில் அத்தனை செட்டிங்கையும் பிரதி எடுத்து, இதுதான் சரி என்று ஓர் இடத்தில் வைத்தாள். அதன்பிறகு அவள் எழுதிய புரோகிராம் மணிக்கொருதரம் எழுந்து, சர்வரில் இருப்பதையும் அந்தப் பிரதியையும் ஒத்துப் பார்க்கும். ஓர் எழுத்துப் பிசகினாலும் மெயில் அனுப்பும். அதற்குக் ‘காவல்’ என்று பேர் வைத்தாள். தோஹாவில் இருக்கும் புருஷன் காஜா நவாஸிடம் வீடியோ காலில் அதைக் காட்டியபோது அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அது ஆவணி மாதம். மண்டபத்துப் படகெல்லாம் வடகடலில் நின்றுகொண்டிருந்தன. சரி என்று அவள் எடுத்து வைத்தது அந்த ஆவணி மாதத்தைத்தான்.

மெயில்கள் வந்தன, வந்துகொண்டே இருந்தன. சர்வர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டாலும் மெயில், எவராவது ஒரு வரியைத் தள்ளி எழுதினாலும் மெயில். முதல் வாரம் மூன்று பேரும் படித்தார்கள். அப்புறம் யார் படிப்பது? சதக் ஒருநாள் சலித்துக்கொண்டார்.

“வீட்டுக்குள்ள கள்ளன் நுழைஞ்சா, கள்ளன் கள்ளன்னு கூவிக்கிட்டே நின்னா போதுமா? ஏதாச்சும் செய்ய வேணாமா?”

“அப்ப மாத்துனத அதுவே பழையபடி திருப்பி வச்சிரட்டுமா காக்கா?”

“அதான் சரி. வச்சிரச் சொல்லு.”

அவள் அதையும் செய்தாள். செய்துவிட்டு, முறையாகக் காளிதாஸிடம் சொல்லவும் செய்தாள். அவள்மேல் அந்த வகையில் குற்றம் சொல்ல முடியாது.

“அண்ணே, இனிமே சர்வர்ல ஏதாச்சும் மாத்தம் பண்ணுறதா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பண்ணுங்க. சொல்லாம மாத்துனா அது பழையபடி ஆக்கிரும்.”

“நான் என்னத்த மாத்தப்போறேன் தாயி?” என்றார் காளிதாஸ். “இருக்குறத ஒழுங்காப் பாத்தா பத்தாதா?”

அவர் பொய் சொல்லவில்லை. மாற்றம் என்றால் அவருக்கு வேறு. புதிதாக ஒன்றைக் கொண்டுவருவது, பழையதை ஒழிப்பது, அதுதான் மாற்றம். தீபாவளி கழிந்து படகு தெற்கே போனால், கம்ப்யூட்டரிலும் அதைத் தெற்கே நகர்த்துவது மாற்றமா? மாதம் பிறந்தால் காலண்டரில் தாளைக் கிழிக்கிறோம், அதை யாரிடமாவது சொல்லிவிட்டா கிழிக்கிறோம்? அறக்கட்டளை தொடங்கிய வருடத்திலிருந்து அதை அவர்தான் செய்துவந்தார். அப்படி ஒரு வேலை இருப்பதே அஃபீஃபாவுக்குத் தெரியாது. போன வருடக் கடைசியில்தான் அவள் வேலைக்குச் சேர்ந்தாள், அதற்குள் படகுகள் தெற்கே வந்துவிட்டிருந்தன. கோடையில் வடக்கே திரும்பிய சமயம் அவள் நாத்தனார் பிரசவத்துக்கு லீவில் இருந்தாள்.

இந்த வருடம் தீபாவளிக்கு மூன்றாம் நாளே வாடை எடுத்துவிட்டது. வடகரைப் படகுகள் எட்டு, முதலில் கிளம்பிக் கடல் மாறின. அதில் ஒன்று தங்கசாமியுடையது. தங்கசாமி சண்முகவள்ளியின் புருஷன், காளிதாஸுக்கு மாப்பிள்ளை. படகைத் தென்கரையில் கட்டிவிட்டு நேரே ஆபீஸ் வாசலில் வந்து நின்று, “ஏ மறதி மச்சான், படகு தெக்க வந்துருச்சு. உன் பொட்டியில எழுதிரு, அப்புறம் வடக்க காத்தடிக்குதுன்னு எனக்குப் போன் வரப்போகுது” என்று கத்தினார். காளிதாஸ் அப்போதே உட்கார்ந்து எட்டுப் படகையும் தென்கடலுக்கு நகர்த்தினார். ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துவிட்டு, வண்டிச் சாவியைத் தேடிக் கண்டுபிடித்து வீட்டுக்குப் போனார். அஃபீஃபா அன்றைக்கு ராமநாதபுரத்தில் ஒரு நிக்காஹ் வீட்டில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த மணி ஆனது. காவல் எழுந்தது. பைல் மாறியிருப்பதைப் பார்த்தது. திருப்பி வைத்தது.

மறுநாள் காலை ஆபீஸுக்கு வந்து அஃபீஃபா மெயிலைப் பார்த்தாள். ஒரு பைல் மாற்றப்பட்டிருந்தது, பழைய நிலைக்குக் கொண்டுவரப்பட்டது, பக்கத்தில் ஒரு பச்சை டிக். எந்தப் பைல், எந்த வரி என்று கீழே இருந்தது. அவள் கீழே போகவில்லை. காவல் முதன்முதலாகத் தானே ஒன்றைத் திருத்தியிருக்கிறது என்ற சந்தோஷத்தில் சதக்கின் மேசைக்குப் போய் போனை நீட்டினாள்.

“காக்கா, காவல் வேலை செய்யுது பாருங்க.”

“மாஷா அல்லாஹ்” என்றார் அவர். அதே மெயில் அவருக்கும் வந்திருந்தது, காளிதாஸுக்கும் வந்திருந்தது. ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. மூன்று பேர் கையிலும் இருந்தது, ஒருவரும் கடைசி வரைக்கும் படிக்கவில்லை.

அதற்கு மறுநாள் குமரிப் பக்கம் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகித் தென்கடலுக்கு எச்சரிக்கை வந்தது. விடிந்து சூரியன் மேலே ஏறியிருந்த நேரம். சர்வர் சுறுசுறுப்பாக வேலை செய்தது. ஒவ்வொரு அழைப்பாகப் போய், எடுத்தார்கள் எடுத்தார்கள் என்று திரையில் பச்சையாக வந்தது. காளிதாஸ் பின்னால் வந்து நின்றார்.

“எல்லாருக்கும் போயிருச்சா தாயி?”

“போயிருச்சுண்ணே. ஒண்ணுகூட விடுபடல.”

தென்கடல் என்று சர்வர் நினைத்துக்கொண்டிருந்த, வருடம் முழுக்கத் தெற்கேயே நிற்கும் வெளியூர்ப் படகுகளில் ஒன்றுகூட விடுபடவில்லைதான். காளிதாஸ் நிம்மதியாக டீ குடிக்கப் போனார்.

நண்பகலுக்குள் கடல் கறுத்துவிட்டது. தென்கரையில் கூட்டம் கூடியது, ஆபீஸில் இருந்தவர்களும் போனார்கள். படகுகள் தூக்கித் தூக்கி எறியப்பட்டபடி வந்துசேர்ந்தன. கடல் மாறிய எட்டில் ஏழு வந்துவிட்டன. பக்கத்தில் நின்ற படகுகள் வலையை ஏற்றுவதைப் பார்த்து, என்னவோ ஏதோ என்று இவர்களும் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். தங்கசாமி தீவுக்கு அந்தப் பக்கம் தனியாக நின்றிருந்தார், அவருக்கு யாரும் கண்ணில் படவில்லை.

“உங்களுக்கெல்லாம் போன் வந்துச்சுல்ல?” என்று காளிதாஸ் அந்த ஏழு படகுக்காரர்களில் ஒருவரைப் பிடித்து உலுக்கினார்.

“எங்கிட்டு வந்துச்சு? எங்க எட்டுப் பேருக்கும் வரல. வந்துருந்தா தங்கசாமி அங்கன நிப்பானாய்யா?”

காளிதாஸ் பிடியை விட்டார். பிறகு ஆபீஸுக்கு ஓடினார், அஃபீஃபாவும் பின்னாலேயே ஓடினாள். அவர் பைலைத் திறந்தார். எட்டுப் படகும் வடகடலில் இருந்தன. திரையை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

“நான் மாத்துனேனே” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, “மாத்துனேன்ல?” என்று அவளைப் பார்த்துக் கேட்டார்.

அந்த ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த மெயில், அந்தப் பச்சை டிக், ‘காவல் வேலை செய்யுது’ என்று தான் போனை நீட்டியது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். “மறந்துட்டேன் தாயி. மாத்துன மாதிரியே இருக்கு, ஆனா மாத்தல. பாவி, மறந்துட்டேன்.”

தங்கசாமியின் உடல் மூன்றாம் நாள் வாலிநோக்கத்தில் உப்பளத்துக்குப் பக்கத்தில் கரை ஒதுங்கியது.

அந்த மூன்று நாளும் அஃபீஃபாவுக்குச் சோறு இறங்கவில்லை. தொழுகைக்கு நின்றால் ஓதுவது பாதியில் விட்டுப்போனது. ஊரில் வேறு பேச்சில்லை. மறதி மறதி என்று கேலி செய்த வாயெல்லாம் இப்போது அதையே வசவாகச் சொன்னது. குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பான் என்றும் சிலர் சொன்னார்கள். காளிதாஸ் வாழ்நாளில் குடித்ததில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் அவள் சதக்கிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மெயிலைத் திறந்து, இந்தமுறை கடைசி வரி வரைக்கும் படித்தார்.

“வெளிய தெரிஞ்சா கரைக்குரலையே மூடிருவாங்கம்மா. அப்புறம் இந்தக் கரையில ஒரு படகுக்கும் போன் போகாது. அந்தப் பாவத்தையும் நாமதான் சுமக்கணும்” என்றார். “காளிதாஸே நான்தான் மறந்துட்டேன்னு சொல்லிட்டாரு. போலீசும் எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. கொஞ்ச நாள் போகட்டும்.”

“அது பொய்யில்ல காக்கா?”

“அவரு பொய் சொல்லலியேம்மா. அவரு அப்படித்தானே நம்புறாரு.”

கெட்ட மனுஷரில்லை அவர். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் அஃபீஃபாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. காவலை நிறுத்திவிட்டு, எட்டுப் படகையும் தன் கையாலேயே தென்கடலுக்கு நகர்த்திவிட்டு, துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வெளியே இறங்கினாள்.

சண்முகவள்ளியின் வீட்டு வாசலில் தார்ப்பாய் கட்டி பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். துட்டி கேட்க, சாவுக்கு ஆறுதல் சொல்ல, ஆட்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தார்கள். காளிதாஸ் நாற்காலியில் உட்காரவில்லை. செருப்புகள் கிடக்கிற இடத்தில் மண்ணில் குத்தவைத்திருந்தார். வருகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள், ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அஃபீஃபா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அண்ணே, நீங்க மறக்கல.”

அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

“நீங்க மாத்துனீங்கண்ணே. எட்டுப் படகையும் மாத்துனீங்க. நான் வச்ச காவல் அதைத் திருப்பி வச்சிருச்சு. உடனே எனக்கு மெயிலும் வந்துச்சு. நான் முழுசாப் படிக்கல. ஆபீஸ்ல நீங்க கேட்டப்பவே உங்ககிட்ட சொல்லியிருக்கணும், பயந்துட்டேன்.”

போனில் இருந்த மெயிலைத் திறந்து காட்டினாள். எட்டுப் படகின் எண்ணும், இருந்த கடலும், மாற்றிய கடலும், திருப்பி வைத்த நேரமும் இருந்தன. அவர் அதை வாங்கிப் படித்தார். திரும்பவும் படித்தார். அடிப்பார், குறைந்தபட்சம் ஒரு வார்த்தையாவது திட்டுவார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் முகத்தில் வந்தது கோபமில்லை. இத்தனை நாளாகச் செத்துக்கிடந்த முகத்துக்கு உயிர் வந்தது.

“அப்ப நான் மறக்கல” என்று எழுந்துவிட்டார். “ஏத்தா வள்ளி! நான் மறக்கலத்தா! நான் மாத்திட்டேன். இந்தா பாரு, எழுதியிருக்கு. மொத படகே மாப்ள படகுதான்த்தா!”

ஏதோ நல்ல சேதி வந்ததுபோல் அவர் கத்தினார். பேசிக்கொண்டிருந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது. சண்முகவள்ளி நிலைப்படிக்கு வந்தாள். அழுது அழுது கண்ணிமை தடித்திருந்தது. அண்ணன் சொன்னதையும், அஃபீஃபா தட்டுத்தடுமாறிச் சொன்னதையும் நின்றபடியே கேட்டாள்.

“மாத்துனத ஏம்மா திருப்பி வச்சுச்சு?” என்று கேட்டாள்.

“யார் மாத்துனாலும் தப்புன்னு அதுக்குச் சொல்லி வச்சிருந்தேன்க்கா.”

“படகு கடல் மாறும்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியாதுக்கா. எங்க ஊர்ல மாற மாட்டாங்க.”

சண்முகவள்ளி நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள்.

“அண்ணன் மறந்துட்டான்னுதான் நெனச்சிருந்தேன்” என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. “மறதிக்காரப் பய, மனுசன்தான, வேணும்னா செஞ்சான்னு காலையிலதான் மனசத் தேத்திக்கிட்டு, அண்ணனுக்கு ஒரு வாய் காப்பி குடுங்கன்னு சொல்லிவிட்டேன். இப்ப அவன் மறக்கலங்கிறான். அவன் செய்ய வேண்டியத அவன் சரியாத்தான் செஞ்சிருக்கான். நீயும் உன் வேலையத்தான் செஞ்சிருக்க. அந்தக் கருமமும் சொன்னதத்தான் செஞ்சிருக்கு. எல்லாரும் சரியாச் செஞ்சுதான் அவுக செத்தாகளா? இனிமே நான் யார மன்னிக்கிறது?”

என்னை மன்னியுங்கள் என்று கேட்கலாம் என்று அஃபீஃபாவுக்குத் தோன்றியது, கேட்கவில்லை. உள்ளேயிருந்து யாரோ ஒரு கிழவி வந்து சண்முகவள்ளியைத் தாங்கிக் கூட்டிப் போனாள்.

அஃபீஃபா கிளம்ப எழுந்தாள். காளிதாஸ் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். “போயிராத தாயி, கொஞ்ச நேரம் இங்கனயே நில்லு” என்றார். துட்டி கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் ஓடிப்போய், “நான் மாத்துனேன்யா, மறக்கல, வேணும்னா இந்தப் பிள்ளையக் கேளுங்க” என்றார். அவர்கள் ஒவ்வொருவரும் திரும்பி அஃபீஃபாவைப் பார்த்தார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.